பழுது ஸ்டியரிங்கில், என் கையில் அல்ல

ஆண்டர்சன்பேட்டை,
ஞாயிறு காலை.

மதிப்பிற்குரிய பெரிய அண்ணன் பெருமாள் அவர்களுக்கு, தங்கை வாணி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் அண்ணியும் மகன், மருமகள், பேத்தியோடு நன்றாக இருக்க மாரியம்மன் துணையிருக்கட்டும். உங்கள் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டாலும் இந்தக் கடிதத்தை உட்கார்ந்தே படிக்கலாம். ஆகவே கடைசி வரை படிக்கவும்.

போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். போனில் நான் "ஸ்டியரிங்" என்று ஆரம்பித்ததும் "அதெல்லாம் ஓட்ட ஓட்ட சரியாயிடும்மா" என்று சொல்லி அண்ணியிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அண்ணி, குளிருக்கு இட்லி மாவு பொங்கவில்லை என்கிறார். மூன்று முறை இப்படி ஆகிவிட்டது. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது என்பதால் எழுதுகிறேன்.

முதலில் காரியம். வருகிற ஞாயிறு நீங்கள் காரை எடுத்துப் போக வர வேண்டாம். உங்கள் மாப்பிள்ளை போன ஞாயிறு ராத்திரி என்னைக் கேட்காமல் உங்களுக்குப் போன் செய்து, "உங்க தங்கச்சிக்கு இந்த வண்டி ஒத்துவரல, வந்து எடுத்துனு போயிடுங்க" என்று சொன்னதும், நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் "சரி மாப்ளே" என்று சொன்னதும் எனக்குத் தெரியும். இந்த வீட்டில் சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவே இருப்பது ஒரு தட்டி. அவர் போனில் பேசினால் எதிர்வீட்டுக்கே கேட்கும்.

உங்கள் மகன் குடியிருக்கும் அடுக்குமாடியில் ஒரு காருக்குத்தான் இடம் என்பதால் ஆகஸ்டில் உங்கள் பழைய காரை எனக்குக் கொடுத்தீர்கள். அந்த உபகாரத்தை நான் மறக்கவில்லை. பூதிகோட்டைப் பள்ளிக்கு நான் இரண்டு பஸ் மாறிப் போனவள். முதல் மணி அடிக்கும்போது வகுப்பில் நிற்க வேண்டுமென்றால் பால்காரர் வருமுன் எழுந்திருக்க வேண்டும். கார் வந்த பிறகு வெளிச்சம் வந்து எழுந்து, காப்பி குடித்து, மனுஷியாகப் பள்ளிக்குப் போனேன். வழியில் சத்துணவு சமைக்கிற கங்கம்மாவையும் ஏற்றிக்கொள்வேன். செப்டம்பர் வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம்தான் கார் தானாக யோசிக்க ஆரம்பித்தது.

எப்படிச் சொல்வது, அண்ணா. நான் ஸ்டியரிங்கை இடது பக்கம் கொஞ்சம் திருப்புகிறேன், ஒன்றும் நடப்பதில்லை. இன்னும் கொஞ்சம் திருப்புகிறேன், அப்போதும் ஒன்றும் இல்லை. அதற்கும் மேலே திருப்பினால், 'ஓ, என்னையா கூப்பிட்டீங்க' என்பதுபோல வண்டி திரும்புகிறது, அதுவும் தேவைக்கு மேலே. நேர்ரோட்டில் ஸ்டியரிங்கை அசைக்காமல் பிடித்திருந்தாலும் கார் பாட்டுக்கு வலப்பக்கம் கொஞ்சம், இடப்பக்கம் கொஞ்சம் என்று கடைத்தெருவில் வேடிக்கை பார்க்கிறவர் மாதிரி போகிறது. மேடு பள்ளத்தில் காலுக்கு அருகே 'டக்' என்று ஒரு சத்தம் வேறு. இதை நான் முதலில் உங்கள் மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் தினமும் ரயிலில் பெங்களூர் போய்வருகிறவர், போகும்போதும் தூக்கம், வரும்போதும் தூக்கம். ஒரு ஞாயிறு மனமிரங்கி சாவியை வாங்கிக்கொண்டு, சர்ச் வரை போய்த் திரும்பி வந்தார். சைக்கிளில் போன பையன் ஒருவன் அவரை முந்திப் போனதை நான் வாசலில் நின்று பார்த்தேன். இறங்கி வந்து, "நல்லாத்தான போவுது. நீ ஸ்டியரிங்க ரொம்ப இறுக்கிப் புடிக்கிற. கை லேசா இருக்கணும்" என்றார். அந்த 'கை' அன்றைக்கு ஆரம்பித்தது.

பஜாரில் டயர் கடை வைத்திருக்கும் காத்தவராயனிடம் போனேன். அவர் காரைச் சுற்றி ஒரு நடை நடந்து, ஒரு டயரை உதைத்துப் பார்த்து, "காத்து கம்மி, டீச்சர். காத்து கம்மியா இருந்தா வண்டி இஸ்துனுதான் போவும்" என்று நாலு சக்கரத்துக்கும் காற்று அடித்துவிட்டார். மறுநாளும் கார் அதே மாதிரி போனது, குதித்துக்கொண்டு போனது என்பது மட்டும் வித்தியாசம். திரும்பப் போய்ச் சொன்னதும் கொஞ்சம் காற்றை இறக்கினார். அதற்கு அடுத்த வாரம் மறுபடி ஏற்றினார். நாலாவது முறை போனபோது காற்றுக்குழாயைத் தொடவேயில்லை. "டீச்சர், தப்பா நெனக்காதீங்க, வூட்ல சார் ஓட்டச்சொல்லோ எப்படி கீது?" என்று கேட்டார்.

அடுத்து கோலாரில் கம்ப்யூட்டர் வைத்து சக்கரத்தைச் சரிபார்க்கும் கடை. அரை நாள் லீவு போட்டுப் போனேன். அங்கே ராகேஷ் என்று ஓர் இளைஞர். காரை மேடையில் ஏற்றி, சக்கரத்துக்குச் சக்கரம் ஒரு கண்ணாடியை மாட்டி, என் ஈசிஜி மாதிரி ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். எல்லாம் பச்சை. "மேடம், அலைன்மென்ட் பக்கா. ப்ராப்ளமே இல்ல" என்றார். "ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் தாமதமாகத் திரும்புகிறதே தம்பி" என்றேன். "அது ஃபீல் மேடம்" என்றார். முப்பத்திரண்டு வருஷம் கணக்குப் பாடம் நடத்தியவளுக்கு ஃபீல்.

அன்று சாயங்காலம் நான் என்ன செய்தேன் தெரியுமா? பள்ளியிலிருந்து சாக்பீஸும் முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலும் கொண்டுவந்தேன். முன்சக்கரங்களை நேராக வைத்தேன். ஸ்டியரிங் வட்டத்தின் உச்சியில் ஒரு கோடு போட்டேன். எதிர்வீட்டு ரெபேக்காவைச் சக்கரத்துக்கு அருகே குந்தவைத்து, "டயர் அசைந்ததும் சொல்லு" என்று சொல்லிவிட்டு மெதுவாகத் திருப்பினேன். அவள் "இல்ல... இல்ல... இல்ல... ஆங், இப்ப" என்றபோது கோடு ஆறரை சென்டிமீட்டர் நகர்ந்திருந்தது. இன்னொரு பக்கமும் பார்த்தோம், அதே ஆறரை. மூன்று முறை செய்து சராசரி எடுத்தேன். அந்தத் தாளை உங்கள் மாப்பிள்ளையிடம் காட்டினால், "சரி, இருந்துட்டுப் போவட்டும், அந்த ஆறரைய சேத்துத் திருப்பு" என்கிறார்.

தாளை எடுத்துக்கொண்டு ராபர்ட்சன்பேட்டை மெக்கானிக் மனோகரிடம் போனேன். நல்ல மனிதர், கைத்திறன் உள்ளவர், குறையே சொல்ல மாட்டேன். ஆனால் அவர் தாளைப் பார்க்காமல் காரின் கீழே போய்ப் படுத்துக்கொண்டார். சக்கரத்துக்கு அருகே இருக்கும் மூட்டுகள் தேய்ந்திருக்கின்றன என்று இரண்டு பக்கமும் மாற்றினார். தேய்ந்துதான் இருந்தன, பழையதைக் கையில் கொடுத்துக் காட்டினார், கிழவர் பல் மாதிரி ஆடியது. வீட்டுக்கு வந்து ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். ஆறரையில் அரை குறைந்திருந்தது. ஆறு. திரும்பப் போனேன். "அப்ப ஸ்டியரிங் ரேக்கு மொத்தமா மாத்தணும் மேடம், பெரிய வேலை" என்றவர், கொஞ்சம் யோசித்து, "அதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க. ஒரு வாரம் சார ஓட்டச் சொல்லிப் பாருங்க" என்றார். வந்த கோபத்தில் சாவியைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அன்றைக்குத்தான் உங்களுக்கு முதல் முறை போன் செய்தேன். பதினோரு வருஷம் ஓட்டினீர்கள், எங்கேயாவது இடித்ததா, எதையாவது கழற்றினீர்களா என்று கேட்டேன். "ஒரு கீறல் கெடையாதும்மா, தங்கம் மாதிரி வண்டி. புதுசா ஓட்டறவங்களுக்கு அப்படித்தான் தோணும்" என்று சொன்னீர்கள். நான் லைசென்ஸ் எடுத்து ஆறு வருஷம் ஆகிறது, அண்ணா.

இதற்கு நடுவில்தான் கேழ்வரகு விவகாரம். அறுவடை சமயத்தில் பூதிகோட்டைக்கு முன்னால் ரோட்டில் கதிரைப் பரப்பிவிடுவார்கள், போகிற வண்டிகள் மிதித்து மணி உதிரட்டும் என்று. எல்லா வண்டியும் அதன்மேல்தான் போக வேண்டும், நானும் போனேன். கார் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம், அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம் என்று ஊர்ந்து கடைசியில் ஒரு வைக்கோல் குவியலில் மூக்கை வைத்து நின்றது. விவசாயி ஓடிவந்தார். திட்டப்போகிறார் என்று கண்ணாடியை இறக்கினேன். அவர் கையைக் கூப்பி, கன்னடத்தில் "இன்னொந்து ரவுண்ட் ஹாக்கி மேடம்" என்றார், இன்னொரு சுற்று வர வேண்டுமாம். மற்ற வண்டிகள் எல்லாம் ஒரே தடத்தில் போகின்றனவாம், நடுவில் இருப்பது மட்டும் உதிர்கிறதாம், நான் ஒருத்திதான் மூலை முடுக்கெல்லாம் மிதித்தேனாம். என் கார் நேராகப் போகவில்லை என்று ஒத்துக்கொண்ட முதல் ஆள் அவர்தான் என்பதால் இன்னொரு ரவுண்டு போய்க் கொடுத்தேன். அதுவே வினையாகிவிட்டது. அவருடைய தம்பி உங்கள் மாப்பிள்ளை போகிற ரயிலில் போகிறவராம். "உங்க வூட்டம்மா எங்க ராகி மொத்தமும் மிதிச்சுக் குடுத்தாங்க சார், ரொம்ப உபகாரம்" என்று பெட்டி நிறைய ஆட்கள் இருக்கும்போது நன்றி சொல்லியிருக்கிறார். உங்களுக்குப் போன் வந்தது அதனால்தான்.

இனி எழுதப்போவதை அண்ணிக்குப் படித்துக் காட்ட வேண்டாம், பயந்துகொள்வார்.

செவ்வாய்க்கிழமை காலை கங்கம்மாவை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். மடியில் முருங்கைக்கீரைக் கட்டை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஏரிக்கரை மேலே ஒரு வளைவு இருக்கிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். எதிரே பஸ் வந்தது. நான் இடது பக்கம் ஒதுங்கலாம் என்று லேசாகத் திருப்பினேன், கார் ஒதுங்கவில்லை. பஸ் ஹாரன் அடித்தது. இன்னும் திருப்பினேன், இன்னும் நேராகவே போனது. அப்புறம் காலடியில் 'டக்' என்று கேட்டது, கார் ஒரே வெட்டாக இடது பக்கம் வெட்டியது. பிரேக்கை மிதித்த மிதியில் என் செருப்பு கழன்றுவிட்டது. பஸ் போய்விட்டது. கார் நின்ற இடத்தில் முன்சக்கரம் மண்ணில் இறங்கியிருந்தது. அதற்கு முன்னால் ஓரடி மண், அப்புறம் சரிவு, அப்புறம் தண்ணீர். என்ஜினை நிறுத்தினேன். மூன்று மாசமாக எல்லாரும் சொன்னது உண்மைதானோ, என் கைதானோ, இந்த அம்மாளைக் கொன்றிருப்பேனோ என்று தோன்றிவிட்டது. "கங்கம்மா, என்னை மன்னிச்சுடுங்க. நான் இனிமே ஓட்ட மாட்டேன்" என்றேன்.

கங்கம்மா கீரைக்கட்டை இன்னும் பிடித்தபடியே இருந்தார். "எதுக்கு மேடம்?" என்றார். "உங்க கை மொதல்லயே திரும்பிச்சு. வண்டிதான் அப்புறமா திரும்பிச்சு. நான் உங்க கையத்தான் பாத்துனு இருந்தேன்."

அண்ணா, எனக்கு அழுகை வந்துவிட்டது. பயத்தில் வராத அழுகை அப்போது வந்தது. கணவர், மெக்கானிக், கம்ப்யூட்டர், கூடப் பிறந்தவர் என்று எத்தனை பேரிடம் சொன்னேன். யாரும் என் கையைப் பார்க்கவில்லை. கை என்று சொன்னதோடு சரி.

பள்ளி அங்கிருந்து ரொம்பக் கிட்டே. நடக்கிற வேகத்தில் ஓட்டிக்கொண்டு போய் மைதானத்தில் நிறுத்தினேன். மத்தியானம் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்ததும் கங்கம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "அந்த டக்குனு சத்தம் எங்கருந்து வருதுன்னு பாத்துடலாம் மேடம்" என்றார். நான் சாவியைப் போட்டு ஸ்டியரிங் பூட்டை விடுவித்தேன், என்ஜினைக் கிளப்பவில்லை. அவர் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, தோசைமாவு கலக்குகிற மாதிரி ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தார். நான் கதவைத் திறந்து மண்டியிட்டு, தலையை பிரேக் மிதிக்கு அருகே நுழைத்து, போன் விளக்கை அடித்துப் பார்த்தேன். ஐம்பத்தேழு வயதில் ஒரு அரசுப் பள்ளி ஆசிரியை மைதானத்தில் எந்தக் கோலத்தில் இருந்தாள் என்று நான் எழுத மாட்டேன். ஏழாம் வகுப்பு மொத்தமும் ஜன்னலில் இருந்தது.

பார்த்ததும் புரிந்துவிட்டது. ஸ்டியரிங்கிலிருந்து ஒரு தண்டு கீழே வருகிறது. அது இன்னொரு தண்டோடு சேரும் இடத்தில் ஒரு மூட்டு, அந்த மூட்டை இறுக்கிப் பிடிக்க ஒரு போல்ட். கங்கம்மா ஆட்ட ஆட்ட மேல்தண்டு ஒழுங்காக ஆடியது. கீழ்த்தண்டு ஆடவில்லை. மேல்தண்டு கொஞ்ச தூரம் போன பிறகுதான் 'டக்' என்று கீழ்த்தண்டு அசைந்தது. போல்ட்டைத் தொட்டேன். இரண்டு விரலில் சுற்றியது. ஊறுகாய் பாட்டில் மூடி அதைவிட இறுக்கமாக இருக்கும்.

அதைப் படமாக எடுத்து மனோகருக்கு அனுப்பினேன். ஒரு நிமிஷத்தில் போன் வந்தது. "மேடம், வண்டியத் தொடாதீங்க. ஒரு அடி நகத்தாதீங்க. நான் வரேன்" என்றார். பைக்கில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ராபர்ட்சன்பேட்டையிலிருந்து வந்துவிட்டார். குனிந்து உள்ளே பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "நான் கீழ படுத்தே பாத்துனு இருந்தேன், உள்ள பாக்கல. தப்பு என்னுதுதான் மேடம்" என்றார். அப்புறம், "இத யாரு கண்டுபுடிச்சது?" என்று கேட்டார். கங்கம்மாவைக் காட்டினேன். அவர், "சாம்பார் மீதி கீது, சாப்புடறீங்களா?" என்றார். மனோகர் சாப்பிட்டார். மறுநாள் புது மூட்டும் புது போல்ட்டும் வாங்கிவந்து மாட்டி, முறையாக இறுக்கிக் கொடுத்தார். முக்கால் மணி நேர வேலை. அதற்குப் பிறகு ஸ்கேலை வைத்தேன். ஒரு சென்டிமீட்டர், அதற்கும் குறைவு.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கழற்றிய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு மனோகர், "இது கம்பெனி போல்ட்டு இல்ல மேடம். யாரோ கழட்டிட்டு கெடச்சத மாட்டிக்கீறாங்க" என்றார். அன்று ராத்திரி உங்களுக்குப் போன் செய்தேன். "போல்ட்" என்றதும் அண்ணியிடம் கொடுத்துவிட்டீர்கள். நான் அண்ணியிடமே கேட்டேன். பாவம், அவருக்கு மறைக்கத் தெரியாது. "உங்க அண்ணன் கல்யாண மண்டபத்துல சாவியத் தொலைச்சுட்டாரே, தெருமுனைல ஒரு ஆளக் கூட்டினு வந்து ஸ்டியரிங் பூட்டக் கழட்டினாரே, போன மாசி மாசத்துலதான். உனுக்குச் சொல்லலியா?" என்றார். இல்லை, சொல்லவில்லை. ஒரு கீறல் கிடையாது என்றுதான் சொன்னீர்கள். நான் மூன்று மாசமாக உங்கள் தெருமுனை ஆள் இரண்டு விரலில் மாட்டிய போல்ட்டை நம்பி ஏரிக்கரை மேலே போய்வந்திருக்கிறேன். இதற்கு மேல் நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. நீங்கள் பெரியவர்.

உங்கள் மாப்பிள்ளையிடமும் படத்தைக் காட்டினேன். இரண்டு முறை பார்த்தார். வாசலுக்குப் போய், நின்றிருந்த காரில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். நான் போய்க் கதவருகே நின்றேன். "இந்த வண்டிலயா தெனமும் போயினு வந்த?" என்றார். "ஆமாம்" என்றேன். "நான் ட்ரெயின்ல தூங்கினு போனேன்" என்றார். மறுநாள் காலை எனக்கு முன்னால் எழுந்து கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆனால் உங்களுக்குப் போன் செய்து 'வர வேண்டாம்' என்று சொல்லுங்கள் என்றால் மட்டும், "நீயே எழுதிடு" என்கிறார். அதனால்தான் எழுதுகிறேன். கார் இங்கேயே இருக்கும். எனக்கு ஓய்வு வர இன்னும் மூன்று வருஷம். அதுவரை நானும் கங்கம்மாவும் அதில்தான் பூதிகோட்டை போவோம். இதில் மாற்றமே இல்லை.

அண்ணிக்கு என் அன்பு. இட்லி மாவுப் பாத்திரத்தைச் சூடான பால் பாத்திரத்துக்கு அருகே வைக்கச் சொல்லவும். மகனுக்கும் மருமகளுக்கும் ஆசிகள், பேத்திக்கு முத்தம். உங்கள் முட்டிக்கு மாடிப்படி ஆகாது, லிப்ட்டில் போகவும். எவ்வளவு கோபமாக எழுதினாலும் உங்கள் உடம்பைப் பற்றிய கவலை குறையாத

தங்கை,
வாணி.

பி.கு.: திங்கள் மாலை. உறையை ஒட்டுவதற்குள் தலைமையாசிரியையிடமிருந்து போனுக்கு ஒரு உத்தரவு வந்தது. இங்கே ஆண்டர்சன்பேட்டையிலேயே ஒரு பள்ளியில் கணக்குக்கு ஆள் இல்லையாம், நாளை முதல் நான் அங்கே போக வேண்டுமாம். அந்தப் பள்ளியின் கேட் எங்கள் வாசலில் நின்றாலே தெரியும். நடந்தால் நாலு நிமிஷம். ஒரே நேர்ரோடு, ஸ்டியரிங்கைத் திருப்புகிற வேலையே கிடையாது. உங்கள் மாப்பிள்ளை உத்தரவைப் படித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர் இன்னும் நிறுத்தவில்லை. கங்கம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து காரை எடுத்துப் போகவும். சனிக்கிழமை வரை நான் அதில்தான் பள்ளிக்கூடம் போவேன்.